பாக்ஸ் அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளை டம்மி கேளுங்க

எங்க வடசென்னை ஏரியால இப்ப தெருவுக்கு ஒருத்தர் பிராண்ட் ஆரம்பிச்சிருக்காங்க. பழைய வண்ணாரப்பேட்டைல ஒரு அக்கா குளியல் பொடி போடுறாங்க, தண்டையார்பேட்டைல ஒரு தம்பி கேண்டில் ஊத்துறான், வியாசர்பாடில ஒருத்தர் அத்தோ மசாலா (அத்தோன்னா பர்மா நூடுல்ஸ்), நான் காசிமேட்டு கருவாடு. புதுசா ஆரம்பிக்கற எல்லாரும் என்னாண்ட கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், "ண்ணா, பாக்ஸ் எங்க அடிச்ச, எவ்ளோ ஆச்சு?" எங்க, எவ்ளோ, இந்த ரெண்டுமே கடைசில கேக்கவேண்டிய கேள்வி. மொதல்ல கேக்கவேண்டியத கேக்காம போய் நான் 2000 பாக்ஸ வீணடிச்சவன், அதனால இத எழுதற தகுதி எனக்கு இருக்குன்னு நெனைக்கிறேன்.

நடந்தது இதான். மூணு வாரம் லேப்டாப்புல உக்காந்து டிசைன் பண்ணோம், லோகோ இங்க வைக்கலாமா அங்க வைக்கலாமான்னு ஊட்ல சண்டையே வந்துச்சு, கடைசில அடிச்சு முடிச்சு மீன்பாடி வண்டில வந்து எறங்குச்சு. பாக்க அப்டி இருந்துச்சு. 200 கிராம் நெத்திலி பவுச்ச எடுத்து உள்ள வெச்சா மூடி மூடவே மாட்டேங்குது. பிரஸ்காரர் மேல கோவமா போனேன், அவரு ஸ்கேல எடுத்து அளந்து காட்டி "தம்பி, நீ எழுதிக்குடுத்த அளவு சுத்தமா அப்டியே இருக்கு பாரு"ன்னுட்டாரு. தப்பு என்னுதுதான். காலி பவுச்ச டேபிள் மேல தட்டையா வெச்சு அளந்திருக்கேன். கருவாடு போட்டு சீல் பண்ணா பவுச்சு வயிறு தள்ளிக்கும், அது அந்த நேரத்துல எனக்கு தோணல.

அதனால மொத வேலை, டிசைனர பாக்கறது இல்ல. உங்க பொருள முழுசா ரெடி பண்ணுங்க, பவுச்சுன்னா நெரப்பி சீல் பண்ணி ஒருநாள் அப்டியே உட்ருங்க, பாட்டில்னா மூடி போட்டு லேபிள் ஒட்டி வைங்க, அப்புறம் எங்க ரொம்ப தடிமனா இருக்கோ அங்க அளங்க. நீளம், அகலம், உயரம், மூணுலயும் 2, 3 மில்லிமீட்டர் சேத்துக்கோங்க. எழுதிக்குடுக்கும்போது "உள் அளவு"ன்னு தமிழ்லயே எழுதிடுங்க, ஏன்னா தடிமனான அட்டைல உள் அளவுக்கும் வெளி அளவுக்கும் நல்ல வித்தியாசம் வரும். இன்ச்சா மில்லிமீட்டரான்றதயும் எழுதுங்க, டிசைனர் மில்லிமீட்டர்ல பேசுவாரு பிரஸ்காரர் இன்ச்ல பேசுவாரு நடுவுல நம்ம மாட்டிக்குவோம்.

அடுத்தது வெள்ளை டம்மி. அதாவது எந்த அட்டைல அடிக்கப் போறீங்களோ அதே அட்டைல, பிரிண்ட் எதுவும் இல்லாம, கையால வெட்டி மடிச்சு ஒட்டின ஒரு பாக்ஸ். தர்றேன்னு அவங்களா சொல்ல மாட்டாங்க, நீங்கதான் கேக்கணும், காசு கேட்டா குடுத்துருங்க, பேஜார் பண்ணாதீங்க. அந்த டம்மில பொருள போட்டு காதாண்ட வெச்சு ஆட்டிப் பாருங்க, லொடலொடன்னா பெருசு. உள்ள போடும்போது இஸ்து இஸ்து போடவேண்டியிருந்தா சின்னது. இடுப்பு உயரத்துலேர்ந்து மூலை கீழ இடிக்கிற மாதிரி போட்டுப் பாருங்க. ரெண்டு மூணு டம்மியா வாங்கி ஒண்ணுல பொருள போட்டு வெளியூர்ல இருக்கற சொந்தக்காரங்களுக்கு கூரியர் பண்ணுங்க, பிரிக்காம போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. நான் எங்க சித்திக்கு அனுப்பினேன், சித்தி இருக்கறது தூத்துக்குடி. தூத்துக்குடிக்கே கருவாடு அனுப்புறியாடான்னு இன்னைக்கு வரைக்கும் கிண்டல் ஓடுது, ஆனா ஒரு பக்கம் அமுங்கி மூலை பிஞ்சு போன அந்த பாக்ஸ் போட்டோதான் எனக்கு அட்டைய மாத்தச் சொல்லிச்சு.

அட்டை விஷயம் கொஞ்சம் பெருசு, பொறுமையா படிங்க. கடைல ஜிஎஸ்எம், ஜிஎஸ்எம்னு பேசுவாங்க, அது ஒரு சதுர மீட்டர் அட்டையோட எடை, கிராம்ல. 300 ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் 300 கிராம், அவ்ளோதான், அது தடிமன் இல்ல. ஒரே 300 ஜிஎஸ்எம்ல எஃப்பிபி அட்டை, அதாவது ஃபோல்டிங் பாக்ஸ் போர்டு, டூப்ளெக்ஸ்னு சொல்ற சாதா அட்டைய விட தடியா வெறப்பா இருக்கும். அதனால நம்பர மட்டும் வெச்சு ரெண்டு கடை ரேட்ட ஒப்பிடாதீங்க, ரெண்டு அட்டையையும் கைல வாங்கி மடக்கிப் பாருங்க. டூப்ளெக்ஸ்ல கிரே பேக், ஒயிட் பேக்னு ரெண்டு இருக்கு, கிரே பேக்னா பாக்ஸ தொறந்தா உள்பக்கம் சாம்பல் கலரா இருக்கும், பழைய பேப்பர கூழாக்கி செஞ்சது, இருக்கறதுலயே மலிவு. சோப்பு, கேண்டில், பவுச்சுக்குள்ள போட்ட மசாலாவுக்கு தாராளமா போதும். ஆனா திங்கற பொருள் நேரா அட்டைல படற மாதிரி இருந்தா கிரே பேக் பக்கமே போவாதீங்க, உணவுக்குன்னு குடுக்கற அட்டையான்னு கேட்டு வாங்குங்க, இல்லன்னா உள்ள ஒரு பவுச்சோ கவரோ கட்டாயம்.

ஒண்ணு நல்லா புரிஞ்சுக்கணும், அட்டை வாசனைய தடுக்காது, எண்ணெயையும் தடுக்காது. கருவாட்டு வாசனைய நிறுத்தறது பவுச்சு வேலை, உள்ள அலுமினியம் ஃபாயில் லேயர் உள்ள பவுச்சு போட்டதுக்கு அப்புறம்தான் எனக்கு கூரியர் ஆபீஸ்ல மரியாதையே வந்துச்சு. அதுக்கு முன்னாடி நான் உள்ள நொழைஞ்சாலே "வந்துட்டாருய்யா"ன்னு மூக்க மூடுவாங்க.

கடை ஷெல்ஃப்ல நிக்கற பொருளுக்கு 300லேர்ந்து 350 ஜிஎஸ்எம் சாதா மடிப்பு பாக்ஸ் போதும், கால் கிலோ வரைக்கும் தாங்கும். பாட்டில், ஜாடி மாதிரி கனமான பொருளுக்கு மேலயும் கீழயும் சொருகற மாடல் வேணாம், தூக்கும்போது அடி தொறந்துக்கும், அடி ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டிக்கற லாக் பாட்டம் கேளுங்க. நேரா கூரியர்ல போற பொருள்னா நெளிவு அட்டை, அதான் கரகேட்டட். 3 பிளைன்னா ரெண்டு தாளுக்கு நடுவுல ஒரு நெளிவு, 5 பிளைன்னா மூணு தாள் ரெண்டு நெளிவு. நெளிவுக்கு ஃப்ளூட்னு பேரு, அதுலயும் இ ஃப்ளூட் ஒன்றரை மில்லிமீட்டர் கிட்ட வரும், மெல்லிசு, அதுமேல பிரிண்ட் தாள ஒட்டினா அழகா வரும், ஆன்லைன்ல விக்கறவங்க யூஸ் பண்ற மெயிலர் பாக்ஸுக்கு அதான் சரி. பி ஃப்ளூட் 3 மில்லிமீட்டர் கிட்ட, அது வெளிய போடற பெட்டிக்கு. என் கணக்குல, அழகான பாக்ஸ் ஒண்ணு, அத பத்து இருபதா அடுக்கி அனுப்ப ப்ளைன் 3 பிளை பெட்டி ஒண்ணு, இதான் துட்டு மிச்சம். வெளிப் பெட்டிக்கு பிரிண்டே வேணாம், ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதும்.

அப்புறம் அந்த ரிஜிட் பாக்ஸ் ஆசை. போன் டப்பா மாதிரி கெட்டியா, மூடி மெதுவா எறங்குமே, அது. கேண்டில் தம்பி அதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னான். அழகுதான், இல்லன்னு சொல்லல. ஆனா அத மடிச்சு பிளாட்டா வைக்க முடியாது, செஞ்சபடியே காத்த அடைச்சுக்கிட்டு வரும். சாதா பாக்ஸ் 1000ன்னா கட்டிலுக்கு அடில போயிடும், ரிஜிட் 500 வந்தா நம்ம ஊட்டு ஹால்ல மனுஷன் குந்த எடம் இருக்காது. தீபாவளி கிஃப்ட்டுக்கு 50, 100 வாங்குங்க, தெனசரி விக்கறதுக்கு வேணாம். தம்பி இப்ப சாதா பாக்ஸுக்கு மேல ஒரு ஸ்லீவ், அதாவது சுத்தி சொருகற அட்டை உறை, போட்டு விக்கிறான், நல்லாத்தான் இருக்கு.

பாக்ஸ் சைஸ் கூரியர் பில்லுல எப்டி கடிக்குதுன்னு பாருங்க. நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி நிறைய கூரியர்ல 5000ஆல வகுப்பாங்க, வர்ற கிலோ நெசமான எடைய விட அதிகம்னா அதுக்குத்தான் காசு. 30க்கு 20க்கு 10 பாக்ஸ்னா 6000, வகுத்தா 1.2 கிலோ. உள்ள இருக்கறது 400 கிராம்தான் ஆனாலும் 1.2க்கு கட்டணும். அதே பொருள் 20க்கு 15க்கு 8ல அடங்கிச்சுன்னா 2400, வகுத்தா 0.48, அரை கிலோவுக்குள்ள முடிஞ்சுது. பெரிய பாக்ஸ்ல போட்டா கஸ்டமருக்கு பெருசா தெரியும்னு சொல்றவங்க பேச்ச கேக்காதீங்க, அந்த பெருசுக்கு ஒவ்வொரு பார்சலுக்கும் நீங்கதான் அழணும்.

இப்ப நம்ம ஊர் பிரச்சனை. ராயபுரம், காசிமேடு, திருவொத்தியூர் பக்கம் இருக்கறவங்களுக்கு கடல் காத்து பத்தி நான் சொல்லணுமா, அப்பளமே அரைமணில நமுத்துடும், அட்டை என்ன பண்ணும். ஈரத்த உறிஞ்சி வளையும், ஒட்டின எடம் விட்டுக்கும். லேமினேஷன், அதாவது மேல ஒட்டற மெல்லிசு பிளாஸ்டிக் படலம், போட்டா தாக்குப் பிடிக்கும், ஆனா அது வெளிப்பக்கம் மட்டும்தான், அதுலயும் ஒரு விஷயம் இருக்கு. லேமினேஷன் மேல சாதா பசை நிக்காது. பாக்ஸ் ஓரத்துல ஒட்டறதுக்கு ஒரு பட்டை இருக்குமே, அது எங்க போய் ஒட்டுதுன்னு பாருங்க, லேமினேஷன் படலத்து மேலன்னா அதுக்கேத்த பசை போடறீங்களான்னு கேளுங்க. என் ரெண்டாவது பேட்ச் பாக்ஸு ஐப்பசி மழைல ஒண்ணொண்ணா வாயப் பொளந்துச்சு, அப்பதான் இந்த பாடம் தெரிஞ்சுது.

லேமினேஷன் மங்கலான மேட்டா, பளபளன்ற கிளாஸியாங்கறது உங்க இஷ்டம். ஒண்ணு மட்டும் சொல்றேன், கருப்பு, கரும்பச்சை மாதிரி அடர் கலர்ல மேட் போட்டா நகம் பட்டாலே கோடு தெரியும், கடைல நாலு பேர் எடுத்துப் பாத்துட்டு வெச்சா பழசு மாதிரி ஆயிடும். லேமினேஷனே இல்லாம அடர் கலர் அடிச்சா மடிப்புல வெடிச்சு வெள்ளையா கோடு வரும். ஸ்பாட் யூவி (ஒரு எடத்துல மட்டும் பளபளப்பு), ஃபாயில் (தங்கம், வெள்ளி மாதிரி மினுக்கற தாள்), எம்பாஸ் (எழுத்து மேல எழும்பி நிக்கறது) எல்லாம் மொத ஆர்டர்ல வேணாம், ஏதாவது ஒண்ணு வேணும்னே தோணுச்சுன்னா லோகோவுக்கு மட்டும் ஃபாயில், அதோட நிறுத்திக்கோங்க.

கலர் விஷயத்துல எல்லாரும் ஏமாறது, ஸ்கிரீன்ல ஜொலிக்கற கலர் அட்டைல வராது. போன் ஸ்கிரீன் வெளிச்சத்துல காட்டுது, பிரஸ்ல சிஎம்ஒய்கேன்ற நாலு மையில, அதாவது நீலம், ரோஸ், மஞ்சள், கருப்புல, தான் கலக்கணும், பளிச்சுன்ற ஆரஞ்சும் கிளிப்பச்சையும் கண்டிப்பா மங்கும். ஃபைல மொதல்லயே சிஎம்ஒய்கேல செய்யச் சொல்லுங்க, லோகோ கலர் மாறவே கூடாதுன்னா பேன்டோன்ற கலர் அட்டவணைலேர்ந்து நம்பர் குடுத்து தனி மையா போடச் சொல்லலாம், காசு கூட ஆகும். பிரவுன் கிராஃப்ட் அட்டை பாக்க நாட்டுத்தனமா நல்லாருக்கும், இப்ப எல்லாரும் அதான் கேக்கறாங்க, ஆனா அதுமேல மஞ்சள் அடிச்சா மண்ணு கலரா தெரியும், டிசைன்ல வெள்ளைன்னு உட்ட எடம் எல்லாம் பிரவுனாத்தான் இருக்கும். கிராஃப்ட்ல கருப்பு ஒரே கலர் அடிங்க, அதான் கெத்து, செலவும் கம்மி.

தமிழ் எழுத்து போடறவங்க இத ரெண்டு தடவ படிங்க. உங்க டிசைனர் மெஷின்ல இருக்கற ஃபான்ட் பிரஸ் மெஷின்ல இருக்காது, தொறந்ததும் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்னு எழுத்து பிச்சிக்கும். ஃபைல அனுப்பறதுக்கு முன்னாடி எழுத்து எல்லாத்தையும் கர்வ்ஸா, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் உருவமா, மாத்தணும், டிசைனர்கிட்ட இந்த வார்த்தைய சொன்னாலே புரிஞ்சுப்பாரு. மாத்தினதுக்கு அப்புறம் திருத்த முடியாது, அதனால மாத்தறதுக்கு முன்னாடியே ஸ்பெல்லிங் பாத்துடுங்க, நீங்க பாக்காதீங்க, பாத்து பாத்து உங்க கண்ணு மரத்துப் போயிருக்கும், இதுவரைக்கும் டிசைனையே பாக்காத ஒருத்தர்கிட்ட பேப்பர்ல பிரிண்ட் எடுத்துக் குடுங்க. எங்க ஊட்ல எங்க அப்பாதான், "கறுவாடு"ன்னு பெரிய றவோட இருந்தத அவருதான் புடிச்சாரு. போட்டோ எல்லாம் 300 டிபிஐ, நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் ப்ளீடு (வெட்டற கோட்டுக்கு வெளிய நீட்டி விடற டிசைன்), பொடி எழுத்து நாலு மையும் கலக்காம கருப்பு மைல மட்டும். வாட்ஸப்ல போட்டோவா அனுப்பினா தரம் கொறைஞ்சுடும், பிடிஎஃப்பா டாக்குமென்ட்டா அனுப்புங்க.

பின்பக்க எழுத்துக்கு வருவோம், இங்கதான் நிறைய பேர் பாக்ஸ் அடிச்சதுக்கு அப்புறம் ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டு திரியறாங்க. 2011ல வந்த பாக்கெட் பொருள் எடையளவு விதிப்படி தயாரிக்கறவங்க பேரு, முழு முகவரி, பொருளோட பேரு, நிகர எடை, தயாரிச்ச மாசம் வருஷம், எல்லா வரியும் சேத்த எம்ஆர்பி, புகார் சொல்ல போன் நம்பரும் மெயிலும் இருக்கணும், எழுத்துக்கு குறைஞ்சபட்ச உயரமும் விதியில இருக்கு, அழகுக்காக எறும்பு சைஸ்ல போடக்கூடாது. சாப்பாட்டுப் பொருள்னா 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) நம்பர், என்ன சேத்திருக்கு, சத்து விவரம், பேட்ச் நம்பர், எது வரைக்கும் சாப்பிடலாம். சைவம்னா பச்சைக் கட்டத்துக்குள்ள பச்சை வட்டம். எங்கள மாதிரி அசைவத்துக்கு பழுப்புக் கட்டத்துக்குள்ள முக்கோணம், பழைய டிசைன்ல வட்டம் இருந்தா மாத்திடுங்க. மீன், இறால், கடலை, பால் இதெல்லாம் இருந்தா ஒவ்வாமை எச்சரிக்கைல சொல்லணும். குளியல் பொடி அக்கா மாதிரி காஸ்மெட்டிக் பக்கம் போறவங்களுக்கு தயாரிப்பு லைசென்ஸ் நம்பர் வேணும்.

தேதி, பேட்ச், எம்ஆர்பி மூணையும் பாக்ஸ்ல அச்சடிச்சுடாதீங்க, வெலை ஏறினா மொத்தமும் வேஸ்ட். ஒரு சின்ன வெள்ளை கட்டம் உடுங்க, அங்க மட்டும் லேமினேஷன் இல்லாம விட முடியுமான்னு கேளுங்க, இல்லன்னா சீல் மை கைல ஒட்டிக்கிட்டு வந்துடும், அதுக்கு குட்டி ஸ்டிக்கர்தான் வழி. பார்கோடு வேணும்னா அத குடுக்கற ஜிஎஸ்1 இந்தியா அமைப்புல வாங்கணும், 890ல ஆரம்பிக்கும். கருப்புக் கோடு, வெள்ளை பின்னணி, சுத்தி கொஞ்சம் காலி எடம். செவப்புல கோடு போட்டா ஸ்டைலா இருக்கும், ஸ்கேனர்தான் படிக்காது.

சரி, இப்ப எவ்ளோ. பிளேட் செஞ்சு அடிக்கற ஆஃப்செட் முறைல பிளேட், டை (பாக்ஸ் வடிவத்துல அட்டைய வெட்டற அச்சு), மெஷின் ஏத்தற கூலி எல்லாம் 100 அடிச்சாலும் ஒண்ணுதான் 5000 அடிச்சாலும் ஒண்ணுதான். பேச்சுக்கு அது 6000 ரூபான்னு வைங்க, 500 பாக்ஸுக்கு ஒண்ணுக்கு 12 ரூபா விழும், 3000க்கு 2 ரூபா. இதக் காட்டித்தான் "இன்னும் ஆயிரம் சேத்து அடிச்சுக்கோங்க"ன்னு சொல்லுவாங்க. கணக்கு சரி, ஆனா விக்காத பாக்ஸு இனாமா குடுத்தாலும் நஷ்டம்தான். மொத ஆர்டர்ல ஆறு மாசத்துல எவ்ளோ விப்பீங்களோ அவ்ளோ மட்டும். 200, 300தான் வேணும்னா டிஜிட்டல் பிரிண்ட் போங்க, இல்ல ப்ளைன் பாக்ஸ் வாங்கி ஸ்டிக்கர் ஒட்டுங்க, அதுல ஒரு அவமானமும் இல்ல, நான் எட்டு மாசம் அப்டித்தான் ஓட்டினேன்.

ரேட்ட கொறைக்க நல்ல வழி பேரம் இல்ல, ஷீட்டு. பாக்ஸ பிரிச்சு விரிச்சா என்ன சைஸ் வருதுன்னு கேளுங்க. 11க்கு 11.25 இன்ச்னா 23க்கு 36 இன்ச் ஷீட்டுல ஆறு விழும். அதே பாக்ஸ் ரெண்டு பக்கமும் முக்கால் இன்ச் கூடி 11.75க்கு 12 ஆச்சுன்னா அந்த ஷீட்டுல மூணுதான். வேற ஷீட் சைஸ் கெடைக்கலாம், கெடைக்காமயும் போலாம். "எத்தன அப் வருது, எவ்ளோ கொறைச்சா இன்னொண்ணு விழும்"னு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க (அப்னா ஒரு ஷீட்டுல விழற பாக்ஸ் எண்ணிக்கை), பிரஸ்காரர் உங்கள பாக்கற பார்வையே மாறிடும்.

எங்க போறதுன்னா, ஹைகோர்ட் மெட்ரோல எறங்கி நடந்து ஆண்டர்சன் தெரு போங்க. கல்யாண பத்திரிகைக்கு போயிருப்பீங்க, அதே தெருதான், பேப்பர், அட்டை வியாபாரமும் அங்கதான். ஒண்ணும் வாங்கலன்னாலும் பரவால்ல, ஒருநாள் சுத்தி அட்டைகள தொட்டுப் பாத்துட்டு வாங்க, அப்புறம் யாரும் உங்கள டபாய்க்க முடியாது. பெரிய ஆர்டர்னா சிவகாசி ரேட்டும் கேளுங்க, லாரி வாடகைய சேத்து ஒப்பிடணும், அதுமட்டும் இல்லாம ஏதாவது தகராறுன்னா ஓடிப்போய் நிக்க முடியாது, அதனால நான் இங்கயேதான் அடிக்கிறேன். கொட்டேஷன்ல அட்டை பேரு, ஜிஎஸ்எம், எத்தன கலர், லேமினேஷன், டை, ஒட்டற கூலி, ஜிஎஸ்டி, வண்டி எல்லாம் தனித்தனியா எழுதி வாங்குங்க. டைக்கு காசு நீங்க குடுத்தா அது உங்களுது, அடுத்த தடவ மறுபடி காசு கேக்கக்கூடாதுன்னு அப்பவே பேசிடுங்க. எண்ணிக்கை கொஞ்சம் முன்ன பின்ன வரும், எவ்ளோ வரைக்கும் ஒத்துக்கறதுன்றதயும் பேசிடுங்க.

மெஷின் ஓடற அன்னைக்கு நேர்ல போங்க. மொத ஷீட்ட வெளிய எடுத்துட்டு வந்து பகல் வெளிச்சத்துல பாருங்க, டியூப்லைட்டுல எல்லாமே நல்லாத்தான் தெரியும். புடிச்சிருந்தா கையெழுத்து போட்டுக் குடுங்க, உங்களுக்கும் ஒண்ணு எடுத்துக்கோங்க, அடுத்த தடவ அடிக்கும்போது "போன தடவ இந்த செவப்புதான்"னு காட்ட அது வேணும்.

பாக்ஸ் வந்து எறங்கினா பலகை போட்டு அதுமேல அடுக்குங்க, தரைல வேணாம், செவுத்த ஒட்டியும் வேணாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துல வியாசர்பாடி அத்தோ மசாலாக்காரருக்கு கீழ் ரெண்டு அடுக்கு கூழாப் போச்சு, மேல இருந்தது தப்பிச்சுது. எங்க ஊட்ல பாக்ஸ் எல்லாம் பரண் மேலதான். மூடாத அந்த மொத 2000ல மிச்சம் இருக்கறதும் அங்கயேதான் இருக்கு, அம்மா அதுல கரண்ட் பில்லு, ரேஷன் கார்டு, ஊசி நூலு எல்லாம் போட்டு வெச்சிருக்காங்க.